அம்மா ஃபோனுக்குப் போன வாய்ஸ் மெசேஜ்

பீரியட்ஸ், வெள்ளைப்படுதல், கருத்தடை என்று ஊரே வாயைப் பொத்திக்கொள்ளும் விஷயங்களை நாள் முழுக்க ஃபோனில் பேசிச் சோறு தின்கிற தொழில் என்னுடையது. தி. நகரில் ஒரு மாடியறை, மூன்று ஃபோன், இளம்பெண்கள் வாட்ஸ்அப்பில் கேட்பதற்குப் பதில் சொல்ல மூன்று பெண்கள். கஸ்டமர் கேர், ஹெல்ப்லைன், விசாரணை கவுண்டர் என்று எங்கெங்கோ காது கருகிக்கொண்டிருக்கும் சக ஜீவன்களே, உங்களுக்குத்தான் இதெல்லாம் புரியும். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

ஃபிரெண்டுக்கு ஒரு டவுட்

எங்களிடம் யாரும் தனக்காகக் கேட்பதே இல்லை. எல்லாம் ஃபிரெண்டுக்குத்தான். மயிலாப்பூரிலிருந்து ஒரு காலேஜ் பொண்ணு, மூன்று மாதமாகப் பீரியட்ஸ் வரவில்லை என்று பதினோரு கேள்வி கேட்டது. பதினொன்றும் ஃபிரெண்டுக்கு. எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. 'அம்மா தாயே, அது நீதானே' என்று கேட்க விரல் துடித்தது. அடக்கிக்கொண்டு, ஃபிரெண்டை டாக்டரிடம் போய் தைராய்டு டெஸ்ட் எடுக்கச் சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்து அவளிடமிருந்து மெசேஜ். "அக்கா, ஃபிரெண்டு இப்போ மாத்திரை சாப்பிடறா, எல்லாம் சரியா வருது. எங்காத்துல அம்மா கைமுறுக்கு சுத்தியிருக்கா, ஃபிரெண்டு சார்பா கொண்டு வரட்டுமா?"

இரண்டு முதல் நாலு வரை

பட்டினப்பாக்கம் ஜெனிக்குப் பத்தொன்பது வயசு. சொந்த ஃபோன் கிடையாது. அம்மா அந்தோணியம்மா விடிகாலையில் ஃபோனோடு மீன் விற்கப் போனால், மதியம் வந்து படுப்பார். அந்தத் தூக்க நேரம், இரண்டிலிருந்து நாலு வரைதான் ஃபோன் ஜெனி கையில். கேட்பாள், படிப்பாள், அழித்துவிட்டு வைப்பாள். அந்த நேரம் தவிர அவளுக்கு எதுவும் அனுப்பக் கூடாது, வாய்ஸ் மெசேஜ் கூடவே கூடாது. இது எங்கள் ஆபீஸ் சட்டம். அவளுக்காக நான் சாப்பாட்டு டப்பாவையே நாலு மணிக்குத்தான் திறப்பேன்.

இருபது நாளாக உதிரப்போக்கு நிற்கவில்லை என்றாள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போ, அம்மாவிடம் சொல் என்று கெஞ்சினேன், அதட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. "சண்டே மாப்பிள்ளை வீட்ல வர்றாங்கக்கா. ஆஸ்பத்திரிக்குப் போனா விஷயம் வெளிய தெரிஞ்சிடும், அதுக்கப்புறம் பாத்துக்கலாம்."

என் புத்தி எங்கே போனதோ

மறுநாள் காலை ஒன்பது மணி. கிண்டியில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டே ஆபீஸ் வாட்ஸ்அப்பைத் திறந்தால், முந்தின நாள் நான் கிளம்பிய பிறகு, அம்மா அசந்த நேரத்தில் ஜெனி அனுப்பியது இருந்தது: 'மாடிப்படியில கண்ணு இருட்டி விழுந்துட்டேன்.' அந்தக் கூட்டத்தில் டைப் அடிக்க முடியுமா? மைக்கை அழுத்தினேன். "ஜெனி, இருபது நாளா ரத்தம் போறது விளையாட்டு இல்லடி! இன்னிக்கே அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ!" அனுப்பின பிறகுதான் மணி உறைத்தது. அழிப்பதற்குள் நீல டிக் விழுந்துவிட்டது. பாவி, என்ன காரியம் பண்ணினேன்!

அங்கே அந்தோணியம்மா கை முழுக்க மீன் செதில். பக்கத்துக் கடை அக்காதான் பட்டனைத் தட்டியிருக்கிறார், சத்தமோ ஃபுல். மீன் வரிசை மொத்தமும் கேட்டுவிட்டது. இரண்டே நிமிடத்தில் எனக்கு ஃபோன். "யாரும்மே நீ? பெத்தவ என்கிட்ட சொல்லாதத உன்கிட்ட சொல்லிக்கினு கீறாளா என் பொண்ணு?" நான் பஸ்ஸிலேயே அழுதுவிட்டேன். அவர் திட்டத் திட்ட, 'அவ இப்போ எங்கேம்மா இருக்கா?' என்று மட்டும் கேட்டேன். வீட்டில் படுத்திருக்கிறாளாம். எழுந்திருக்கவே இல்லையாம். அதைச் சொல்லும்போதே அவர் குரல் மாறிவிட்டது.

"உன்ன அப்பால வச்சிக்கிறேன். எந்த ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவணும், அத்த மொதல்ல சொல்லு."

வார்டில்

மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் பிழைத்திருப்பாளா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். மீன் வரிசையில் விஷயத்தைக் கேட்ட பெண்களில் நாலு பேர், கடையை அப்படியே மூடிவிட்டு ரத்தம் கொடுக்க வந்து நின்றார்கள். மாப்பிள்ளை வீட்டாரை அந்தோணியம்மாவே ஃபோன் போட்டு, 'பொண்ணுக்கு ஒடம்பு சரியில்ல, அப்பால பாத்துக்கலாம்' என்று நிறுத்திவிட்டார்.

ஆபீஸில் நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, வாங்க வேண்டிய திட்டை வாங்கிக்கொண்டுதான் ஜெனியைப் பார்க்கப் போனேன். அவளை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அந்தோணியம்மா தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே, 'நீ நம்பிச் சொன்னதை ஊரறிய விட்டுட்டேன், என்னை மன்னிச்சிடும்மா' என்றேன். ஜெனி கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

"மன்னிக்க மாட்டேன்க்கா. ஆனா, மன்னிக்க மாட்டேன்னு சொல்ற அளவுக்கு உயிரோட வச்சிருக்கீங்களே, அதுக்குத் தேங்க்ஸ்."

தப்பு தப்புதான், யாரும் பண்ணிவிடாதீர்கள். ஆனாலும் ரகசியம் காக்கச் சம்பளம் வாங்குகிற நான் தினமும் சாமிக்கு நன்றி சொல்வது, காக்கத் தெரியாமல் கோட்டைவிட்ட அந்த ஒரு ரகசியத்துக்காகத்தான்.