வெளுத்துப்போன கல்யாண மோதிரம்

கல்யாணத்துக்குப் போட்ட தங்க மோதிரமும் அண்ணன் வாங்கித் தந்த வெள்ளி மோதிரமும் என் இடது கையில் பக்கத்துப் பக்கத்து விரல்களில் இருக்கும். "தங்கம் போட்ட கையில வெள்ளி எதுக்கு? அது காலுக்குத்தான்" என்று மாமியார் முகம் சுளிப்பார். நான் கழற்றவில்லை. என் கை, என் விரல்.

அப்போது மூக்கண்டப்பள்ளியில் குடியிருந்து, தெர்மாமீட்டர் செய்யும் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தேன். பாதரசம் புழங்கும் இடம் என்பதால் நகையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வளையலையும் தோட்டையும் கழற்றுவேன். மோதிரங்கள் இறுகிப்போயிருந்ததால் விட்டுவிட்டேன். ஒரு நாள் மேஜையில் பாதரசம் சிந்திவிட, அவசரத்தில் கையாலேயே வழித்தேன். கழுவிவிட்டுப் பார்த்தேன். தங்க மோதிரம் வெள்ளை வெளேரென்று இருந்தது. அதன்மேல் என் கணவர் பெயரின் முதலெழுத்து வெட்டியிருந்ததால்தான் எது தங்கம் என்றே தெரிந்தது.

வீட்டில் சோப்புப் போட்டுக் கழற்றி, அவரிடம் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் எழுத்தையே நகத்தால் சுரண்டினார்.

"தங்கம் எங்கயாச்சும் வெள்ளையாவுமா? வித்துட்டு, இதே மாதிரி வெள்ளியில செஞ்சி போட்டுகினியா?"

நாலு வருஷம் ஒன்றாக வாழ்ந்தவருக்கு முதலில் தோன்றியது அதுதான்.

மறுநாள் ஆசாரி உரசிப் பார்த்து, மேலே பாதரசம் பிடித்திருக்கிறது, உள்ளே தங்கம்தான் என்றார். என் கணவர் மோதிரத்தை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை.

மாமியாரின் குறை அன்றோடு தீர்ந்தது. அந்தக் கையில் இன்றுவரை வெள்ளி மட்டும்தான்.