சிவப்பு இருந்த இடத்தில் பச்சை

ஏலக்காய் வாசனை விரலில் ஏறிவிட்டால் சோப்புக்கெல்லாம் போகாது. கல்யாணமான புதிதில் போடியில் ஓர் ஏலக்காய் குடோனில் தரம் பிரிக்கிற வேலை எனக்கு. என் பட்டன் போன்கூட அந்த வாசனைதான் அடிக்கும். அதில் சிவப்பு பட்டன் மட்டும் தேய்ந்து வெளுத்துப் போயிருந்தது...

காரணம் என் வீட்டுக்காரர்.

அவர் ஜீப் டிரைவர். காலையில் போடியிலிருந்து வேலையாட்களை ஏற்றிக்கொண்டு மலைக்கு மேலே, கேரளா பக்கம் இருக்கிற ஏலத்தோட்டங்களுக்குப் போவார். போடிமெட்டு செக்போஸ்ட்டைத் தொட்டதும் எனக்கு ஒரு போன் வரும். நான் எடுக்கக் கூடாது, வெட்டிவிட வேண்டும். அவர் ரிங் கொடுத்தால் ‘மேலே வந்துட்டேன்’. நான் வெட்டினால் ‘தெரிஞ்சுக்கிட்டேன்’. செக்போஸ்ட்டைத் தாண்டினால் சாயங்காலம் வரை டவர் கிடையாது. ஜீப் ஓட்டுகிறவர்கள் வீட்டில் எல்லாம் அப்போது இதுதான் வழக்கம்.

ஒருநாள் போனை மேஜையில் வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டேன். அவருக்கு வெட்டு வரவில்லை. மனிதர் செக்போஸ்ட்டிலேயே வண்டியை ஓரங்கட்டிவிட்டார். ஜீப்பில் இருந்த ஓர் அம்மா கேட்டாராம்:

“ஏப்பா, உம் பொண்டாட்டி வெட்டுனாத்தேன் வண்டி நகருமாக்கும்?”

“ஆமாத்தா. நகராது.”

அப்புறம் டச் போன் வந்தது. பட்டன் போன் எந்தக் கம்பெனியோ அதே கம்பெனிதான் வாங்கினேன். அது பழுதானதும் மறுபடி அதே கம்பெனி. தங்கச்சி வேறு போனைக் காட்டி ஆசை காட்டுவாள், நான் மசியவில்லை. எனக்குப் பிடித்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். போன் வந்தால் இடது மூலையில் சிவப்பு, வலது மூலையில் பச்சை. எத்தனை டச் போன் மாற்றினாலும் அது மாறியதில்லை. பார்க்காமலேயே கட்டை விரல் போய்விடும். பேசுவதற்குச் செலவே இல்லாத காலம் வந்த பிறகும் எங்கள் ரிங்கும் வெட்டும் மாறவில்லை.

போன மாதம் அப்டேட் என்று ஒன்று வந்தது. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் அழுத்தச் சொன்னாள், அழுத்தினேன். அவ்வளவுதான்... என் போன் என் போனாக இல்லை. எல்லாம் கண்ணாடியாம். எழுத்துக்குப் பின்னால் சாமி படம் தெரிகிறது, சாமி படத்துக்கு முன்னால் எழுத்து தெரியவில்லை. எல்லாவற்றையும்விட, சிவப்பு இருந்த இடத்தில் பச்சை!

லோன் வேண்டுமா என்று கேட்கிறவர்களை எல்லாம் எடுத்துப் பேசினேன். சின்னம்மா போனை மூன்று முறை வெட்டினேன். இன்னும் கோபமாக இருக்கிறார். பழையபடி மாற்றித் தா என்றால் மகள் சிரிக்கிறாள்.

“மாத்த முடியாதும்மா. ரெண்டு நாள்ல பழகிரும்.”

இத்தனை வருடம் ஒரே கம்பெனியை நம்பி இருந்தேனே, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா என்று ஆத்திரமாக வந்தது. கம்பெனியை மாற்றிவிட வேண்டியதுதான் என்று முடிவுகூடக் கட்டிவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் அந்த மழை நாள்.

இப்போது தேனிக்குப் பக்கத்தில் பழனிசெட்டிபட்டியில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறேன். ஏழு மணிக்கு வர வேண்டிய ரிங் வரவில்லை. ஏழரைக்கு டிரைவர்கள் குரூப்பில் ஒரு போட்டோ வந்தது. மலைப்பாதையில் பாறை சரிந்து, ஒரு வெள்ளை ஜீப்பின் முன்பக்கம் மண்ணுக்குள். நம்பர் தெரியவில்லை. எங்கள் வண்டியும் வெள்ளைதான். அவருக்குப் போன் போட்டுப் பார்த்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறது. கை மட்டும் மாவை அள்ளிக்கொண்டே இருந்தது.

எட்டரைக்கு அவர் பெயரோடு ரிங் வந்தது.

மாவுக் கையோடு, பழைய பழக்கத்தில், இடது மூலையில் ஓர் அழுத்து. ரிங் நின்றது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். மாவு வாங்க வந்த பக்கத்து வீட்டு எஸ்தர் அக்கா பதறிவிட்டார்.

“ஏத்தா செல்வி, என்னாச்சு?”

“ஒண்ணுமில்லக்கா. அவுக மேல வந்துட்டாக. இப்பத்தேன் ரிங்கு வந்துச்சு. கல்யாணமான நாள்ல இருந்து இந்த ரிங்கு வர்ற வரைக்கும் எனக்குப் பச்சத்தண்ணி எறங்காதுக்கா.”

“இதை அவருகிட்ட சொல்லிருக்கியா?”

“சொன்னதே இல்ல. சொன்னா வளைவுக்கு வளைவு அதையேல்ல நெனைச்சுக்கிட்டு ஓட்டுவாக.”

“நல்லா இருக்கு. சொல்லித் தொலைய வேண்டியதுதான?”

“அதேன் சொல்லிட்டயில்ல.”

கிரைண்டர் பக்கத்திலிருந்து அவர் குரல்!

மாவுக் கைக்கு வசதியாக என் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும். நான் வெட்டவில்லை, எடுத்திருக்கிறேன். அவரோ வெட்டு வரும் என்று வாயைத் திறக்காமல் காத்திருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். எஸ்தர் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“குரூப்புல வந்த போட்டோவுல இருக்கிறது நிப்பாட்டியிருந்த வண்டி செல்வி. உள்ள ஆளு இல்ல. கல்லை நகட்டி வழி எடுத்துட்டு இப்பத்தேன் மேல வந்தோம். அங்கன டவரு இல்ல.”

பிறகு அவரேதான் வெட்டினார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறையை யாரோ நகர்த்திவிட்ட மாதிரி இருந்தது.

சாயங்காலம் வந்தார், குளித்தார், சாப்பிட்டார். காலையில் கேட்டதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் அப்படித்தான்.

அந்தக் காலத்தில் ஒரு வெட்டிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தோம். அந்தத் தேய்ந்த சிவப்பு பட்டனை இப்போதும் விரல் தேடுகிறது. புதுப் போன் எனக்கு இன்றுவரை பிடிக்கவில்லை... எழுத்தும் தெரியவில்லை. ஆனாலும் கம்பெனியை மாற்றவில்லை.

ஏனென்றால் மறுநாள் காலை ஏழு மணிக்கு ரிங் வந்தபோது, பார்த்து, சரியாகச் சிவப்பைத்தான் அழுத்தினேன். உடனே மறுபடி ரிங். மறுபடி வெட்டினேன். மூன்றாவது முறையும் அடித்தது. பயந்துபோய் எடுத்தேன்.

“மேல வந்துட்டேன் செல்வி. நீ சாப்பிடு.”

இப்போது தினமும் அப்படித்தான்.