அத்தையின் கற்பூரவல்லிக்கு நான் ஊற்றிய தண்ணீர்

என் அத்தை வளர்த்த கற்பூரவல்லியைக் கொன்றவன் நான். பழி பக்கத்து வீட்டுக்காரியின் மேல் விழுந்தபோது வாயை மூடிக்கொண்டு நின்றவனும் நான்தான்.

கற்பூரவல்லியைக் கொல்வது எளிதல்ல. ஒரு கிளையை ஒடித்து மண்ணில் செருகினால் போதும், வருஷக்கணக்கில் தழைக்கும். வெயிலுக்கும் அசராது. உப்பு ஒன்றுதான் அதற்கு ஆகாது. பழவேற்காட்டு ஏரிக்கரையில் உப்பு இல்லாத இடம் எது? அதனால் அத்தை திருப்பாலைவனத்திலிருந்து வயல்மண் கொண்டுவந்து, ஓட்டைக் குடம் ஒன்றில் நிரப்பி அதில் வைத்திருந்தாள்.

நைனாவின் தங்கை அவள். கணவன் போன பிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். பக்கத்து வீட்டுக்காரியும் அவளும் ஜோடியாக ஏரியில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டும். அத்தைக்கோ ஓயாத இருமல். இருமினால் வாய் திறக்கும். பறி தண்ணீரில் விழும். இறால் போயே போச்சு. காலையில் அந்த இலையை மென்று விழுங்கினால்தான் அன்றைய பிழைப்பு.

செடிக்கு நல்ல தண்ணீர் கொண்டுவரும் வேலை என் தலையில் விழுந்தது. மணல்மேட்டுக்கு அப்பால் இருந்த ஊற்றில் கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு நிரப்புவதற்குள் விளையாட்டு முடிந்திருக்கும்.

"மனுசனுக்கே குடிக்கத் தண்ணி இல்ல, செடிக்கு இன்னாத்துக்கு அத்தே?" என்று கத்துவேன்.

"அது குடிச்சாத்தான்டா நான் மூச்சு வுட முடியும். போடா" என்பாள்.

ஒருமுறை மழைக்காலம் முடிந்த கையோடு ஏரித் தண்ணீரை நாக்கில் விட்டுப் பார்த்தேன். வெள்ளம் கலந்ததில் உப்பே தெரியவில்லை. அன்றிலிருந்து வீட்டுக்குப் பின்னாலேயே மொண்டு ஊற்றினேன். செடி செழித்தது. பிறகு வெயில் ஏற ஏற, முகத்துவாரம் வழியே கடல் உள்ளே வந்தது. தண்ணீர் கரிக்கத் தொடங்கியது எனக்குத் தெரியும். ஏரியில் வளர்ந்தவனுக்குத் தெரியாமலா இருக்கும்? இன்று மட்டும், இன்று மட்டும் என்று அதையே ஊற்றினேன். இலைகள் ஓரம் கருகிக் கொட்டின. தண்டு அழுகியது.

அவ்வப்போது செடியில் இலை கிள்ளிக்கொண்டு போகும் பக்கத்து வீட்டுக்காரியைத் தேடி அத்தை நேராக வேலியோரம் போனாள்.

"வெளக்கு வெச்ச அப்புறம் எல கிள்ளாதன்னு எத்தினி வாட்டி சொன்னேன்! உன் கை பட்டுத்தான்டி செத்துப்போச்சு!"

"ஒரு எலைக்கு இம்மாம் பேச்சா? இனிமே நீயாச்சு, உன் பறியாச்சு!" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

ஜோடி பிரிந்தது. தனியாக இறங்கிய அத்தை இருமி இருமி வெறும் பறியோடு திரும்பினாள். கடைசியில் ஏரியையே விட்டுவிட்டு, லைட்ஹவுஸ் குப்பத்தில் கருவாடு காயவைக்கும் கூலிக்குப் போனாள்.

மீஞ்சூரில் வேலை பார்த்து ஓய்வும் பெற்ற பிறகுதான் எனக்குத் துணிச்சல் வந்தது. என் வீட்டுக் கற்பூரவல்லியில் இரண்டு கிளை ஒடித்துக்கொண்டு முதலில் பக்கத்து வீட்டுக்காரியிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"கெயவி ஆன அப்புறம் வந்து சொல்றியா? தூ!" கிளையை வேலிக்கு மேல் வீசிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

மிச்சமிருந்த கிளையோடு அத்தையிடம் போனேன். அவள் சிரித்தாள்.

"இதச் சொல்லவா பஸ் ஏறி வந்த? அன்னிக்கே மண்ண வாயில வெச்சுப் பாத்தேன். உப்புக் கரிச்சுது."

எனக்கு எரிச்சல் பொங்கியது. "அப்ப அவங்கள ஏன் திட்டின?"

"அண்ணன் வூட்டுச் சோத்தத் துன்னுக்கினு அண்ணன் புள்ளயவா திட்டுவேன்? அவ என் கூட்டாளிடா. இன்னா திட்டினாலும் விடிஞ்சா வந்துடுவான்னு நெனச்சேன்."

வேலிக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அத்தை சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.