ஓடாத வண்டி காட்டிய பிரஷர்

“திருட்டுப் பயலே, டீசல வித்துட்டு மண்ணெண்ணெய் கலந்தேன்னு ஒத்துக்கோ. அப்பதான் லைசென்ஸ் தருவேன்.”

பெங்களூர் பீன்யாவில் நான் வேலை செய்த டீசல் ஷெட்டில், எல்லோர் எதிரிலும் ஒரு பிக்கப் வண்டியின் முதலாளி தன் டிரைவர் சேகரைப் பார்த்து இப்படிக் கத்தினார். சேகரின் லைசென்ஸை அவரே பிடுங்கிப் பையில் வைத்திருந்தார். அது இல்லாமல் அவன் வேறு எந்த வண்டியையும் தொட முடியாது. வண்டி லோடோடு மேடு ஏறினால் இழுக்கவில்லை, நின்று விடுகிறது. அதற்குத்தான் இத்தனை சத்தம்.

ஃபில்டர், இன்ஜெக்டர் கழற்றிக் கழுவிப் பூட்டுவது என் வேலை. ஆட்களிடம் பேச எனக்குக் கூச்சம். இருந்தாலும் ஃபில்டரிலிருந்து டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பார்த்து, “தண்ணியும் இல்ல, மண்ணெண்ணெய் வாடையும் இல்ல சார்” என்றேன்.

“பாத்திரம் கழுவுற மாதிரி கழுவும்மா. அது போதும்” என்றார் முதலாளி.

பாட்டிலை மூடி ஓரமாக வைத்தேன்.

மெக்கானிக் மஞ்சண்ணா ஸ்கேனரை மாட்டினார். இன்ஜினை ஸ்டார்ட் செய்யவில்லை, சாவியை மட்டும் ஆன் செய்தார். இன்ஜினுக்குப் போகும் டீசலின் பிரஷர் முந்நூறு பார் என்று காட்டியது.

“பிரஷர் ஜாஸ்தி இருந்தா நல்லதுதானே?” என்றார் முதலாளி.

“ஸ்வல்ப, கொஞ்சம் இருங்க சார்” என்றார் மஞ்சண்ணா. “ஓடாத பம்ப்புக்கு எங்கேருந்து பிரஷர் வரும்? சென்சர் தப்பா சொல்லுது. வண்டியோட கம்ப்யூட்டர் அத நம்பி, இருக்கிற பிரஷரையும் கொறைக்குது. அப்புறம் எப்படி இழுக்கும்?”

சென்சரிலிருந்து போகும் ஒயரை நான் கையால் தடவிக்கொண்டே போனேன். ஓரிடத்தில் டேப் சுற்றிய முடிச்சு தட்டுப்பட்டது. பிரித்தேன். எர்த் ஒயரை நடுவில் சுரண்டி வேறொரு ஒயரை முறுக்கியிருந்தார்கள். தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்து, இரண்டு இழைதான் மிச்சம். எர்த் சரியாகச் சேராததால்தான் சென்சர் இல்லாத பிரஷரைக் காட்டியிருக்கிறது.

“ஆயுத பூஜைக்கு சீரியல் லைட் மாட்டினாங்கம்மா” என்றான் சேகர். “சாரோட மச்சான்தான் மாட்டினாரு. இன்ஜின் ஒயர்ல கை வைக்காதீங்கன்னு சொன்னேன். நீ டிரைவரா, இன்ஜினியரான்னு கேட்டாரு.”

“சாமிக்குத்தானே போட்டான்?” என்றார் முதலாளி.

ஒயரை வெட்டிப் புதிதாகச் சேர்த்தோம். சாவி போட்டால் ரீடிங் பூஜ்யம். ஓட்டிப் பார்த்தோம், நன்றாக இழுத்தது.

முதலாளி சேகர் பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில், “சரி, விடு. காலைல கோலார் லோடு இருக்கு, வந்துடு” என்றார். பழி போடும்போது ஊருக்கே கேட்டது. பழி இல்லை என்றானதும் காதில் ரகசியமா?

“சார், திருடன்னு சத்தமா சொன்னீங்க” என்றேன். “இல்லன்னும் அதே சத்தத்துல சொல்லுங்க. லைசென்ஸக் குடுங்க.”

முதலாளி எல்லோருக்கும் கேட்கும்படி, “அவன் மேல தப்பில்ல” என்று சொல்லி லைசென்ஸை நீட்டினார். சேகர் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துப் பட்டனைப் போட்டான். வண்டிச் சாவியை பானெட்மேல் வைத்தான்.

“கோலாருக்கு உங்க மச்சானையே அனுப்புங்க சார்.”

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, பம்ப்பைக் கழற்றும் முன் இன்ஜின் ஓடாதபோது என்ன ரீடிங் காட்டுகிறது என்று பாருங்கள். அதைப் பார்த்து முடிக்கும்வரை எந்த டிரைவரையும் திருடன் என்று சொல்ல உங்கள் ஷெட்டில் யாரையும் விடாதீர்கள்.