அக்காவின் அட்டையில் போன விரல்

காக்களூரில் தகடு அழுத்தும் தொழிற்சாலை ஒன்றில் மூன்று வருஷம் நான் என் அக்காவாக வேலை பார்த்தேன். அங்கே எனக்கு முன்னால் வேலை பார்த்த அக்கா கல்யாணமாகிப் பொதட்டூர்பேட்டைக்குப் போனதும், அவளுடைய அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். தொழிற்சாலைக்கு ஆள் அனுப்பும் காண்டிராக்டர் அதை வாங்கவில்லை. "புதுக் கார்டு போட நாளாவும். ரெண்டு பேர் மூஞ்சியும் ஒண்ணுதானே, இத்தயே மாட்டிக்கினு வா" என்றார். எங்கள் காலனியில் பாதிப் பேர் இப்படி இன்னொருவர் பெயரில்தான் கேட்டைத் தாண்டினார்கள். அதைத் தப்பு என்று யாரும் நினைக்கவில்லை. அக்கா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பட்டென்று திரும்பவும் பழகிவிட்டேன்.

நிரந்தரத் தொழிலாளிகளுக்கு நீலச் சட்டை, காண்டிராக்டில் வந்த எங்களுக்குச் சாம்பல். நீலச் சட்டைக்காரர் ஒருவருக்கு நகம் பெயர்ந்தபோது முதலாளியின் காரிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பிரஸ்ஸில் என் வலது ஆள்காட்டி விரல் போனபோது ஷேர் ஆட்டோ வந்தது. கூட வந்த சூப்பர்வைசர் வழியெல்லாம் ஒன்றையே சொன்னார்: "அக்கா பேரையே சொல்லு." சொன்னேன்.

விரல் போனவர்களுக்குத் தொழிலாளர் காப்பீட்டிலிருந்து மாதாமாதம் உதவித்தொகை உண்டு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இனி எந்த பிரஸ்ஸிலும் என்னைச் சேர்க்க மாட்டார்கள் என்பதால், வீட்டில் எல்லோரும் அதையே நம்பியிருந்தோம். அட்டை அக்கா பெயரில் இருப்பதால் அவளும் வர வேண்டும் என்று அம்மா முடிவு கட்டினாள். "ரெண்டு பேரும் போயி உள்ளத சொல்லுங்க. கையப் பாத்தா தெரியாதா இன்னா?"

காப்பீட்டு அலுவலகத்தில் உள்ளதைச் சொன்னோம். அதிகாரி நல்ல மனிதர், எங்களை உட்காரச் சொன்னார். தொழிற்சாலைக்கு அவரே போன் போட்டுக் கேட்டார். என் பெயரில் அங்கே யாரும் வேலை செய்ததே இல்லை என்று பதில் வந்தது. அது பொய்யும் இல்லை.

போனை வைத்துவிட்டு எங்கள் இருவர் கைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கார்டு இருக்கறவங்களுக்கு விரல் இருக்கு. விரல் போனவங்களுக்குக் கார்டு இல்ல. நான் யாருக்கும்மா எழுதறது?"

பஸ் ஸ்டாண்டில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நானே வந்து அந்தக் கார்ட குடுத்துட்டுப் போயிருக்கணும்டி" என்றாள். அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனாலும் அவள் கையில் ஐந்து விரலும் இருப்பதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வெடுக்கென்று என் கையை இழுத்துக்கொண்டேன்.

முதலாளி மேல் எனக்கு அப்படி ஓர் ஆத்திரம் வந்ததே இல்லை. அவரை நான் ஒரு தடவைகூடப் பார்த்தது கிடையாது.