வெட்டக் கூடாத புதர்

பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு வந்து, "சாம்பாரில் உப்பு சரியா?" என்று கேட்கிற பிழைப்புதான் அரசாங்கத் திட்டங்களை மதிப்பீடு செய்கிற பிழைப்பு. பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய் அலைந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். எனக்கு வாய்த்தது உண்ணிக் காய்ச்சல் தடுப்புத் திட்டம். புதரில் இருக்கும் பொடி உண்ணி கடித்து வருகிற காய்ச்சல் அது.

போர்டு

பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். அங்கே வாய்க்கால்கரைத் தெருவில் மட்டும் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தது. தெருமுனையில் திட்டத்தின் போர்டு இருந்தது. முக்கால்வாசி தலைவர்கள் படம். 'வீட்டைச் சுற்றியுள்ள புதரை அகற்றுவீர்' என்ற வரி அடியில் இருந்ததாம். அதைப் புதர் மறைத்திருந்தது. கூட வந்த சுகாதார ஆய்வாளர் சொன்னார்:

"வச்சப்ப நல்லாத் தெரிஞ்சுது சார். செடி அப்புறமா வளந்துடுச்சு."

அரிவாள்

அந்தத் தெருவில் வசந்தாவின் வீடு. நடவு, அறுப்புக்குப் போகிறவர். போன மழைக்காலத்தில் கணவர் இந்தக் காய்ச்சலில்தான் போனார். இந்தக் காய்ச்சலுக்கு அடையாளமே உண்ணியின் கடிவாய்தான்; அக்குளில் கருத்துக் கிடந்த அதை யாரும் பார்க்கவில்லை. இப்போது வீட்டில் அவரும் மகள் மலரும்தான். பின்சுவரை ஒட்டிப் புதர் மண்டிக் கிடக்கிறது, உள்சுவரில் அரிவாள் தொங்குகிறது. வெட்டினால் என்ன என்று கேட்டுவிட்டேன்.

"குடியிருக்கிற மனைக்கே கேஸு நடக்குதுங்க. புதர வெட்டுனா ஆக்கிரமிப்புன்னு இன்னொண்ணு போடுவாங்க."

நிலத்துக்காரர்

வழக்குப் போட்டிருந்த நிலத்துக்காரரிடமே போனேன். மரியாதையான மனிதர், ஆட்சி மாறினால் துண்டின் கரையை மட்டும் மாற்றிக்கொள்வார். காபி கொடுத்தார். ஒரு உயிர் போயிருக்கிறது, புதரை வெட்டவாவது விடுங்கள் என்றேன்.

"புதர் நிக்கிற வரைக்கும்தான் சார் அது என் நிலம். வெட்டிட்டா அவங்க கொல்லை."

திருத்தம்

'காய்ச்சலுக்குக் காரணம் நிலத் தகராறு' என்று அறிக்கையில் எழுதித் தஞ்சாவூரில் கொடுத்தேன். அதிகாரி அந்த வரியில் பேனாவை வைத்தார். சண்டை போட்டுப் பார்த்தேன்.

"நிலம் வேற டிபார்ட்மெண்ட் தம்பி. 'விழிப்புணர்வு குறைவு'ன்னு போட்டுடுங்க."

வாய்தா

அடுத்த மழையில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் வசந்தாவைப் பார்த்தேன். மலருக்கும் அதே காய்ச்சல். இந்தத் தடவை கடிவாயைத் தாயே தேடி டாக்டரிடம் காட்டியிருக்கிறார். பெண் பிழைத்துக்கொண்டாள். அவள் படுத்த அன்றே புதரை வெட்டிச் சாய்த்துவிட்டாராம், நிலத்துக்காரரும் வசந்தா அன்று சொன்னபடியே இன்னொரு வழக்குப் போட்டுவிட்டார். பயமாக இல்லையா என்றேன்.

"கேஸுக்கு வாய்தா வாங்கிக்கலாம் சார். காய்ச்சல் வாய்தா குடுக்குமா?"

அச்சாகி வந்த எங்கள் அறிக்கையின்படி, இந்த அம்மாவுக்குத்தான் விழிப்புணர்வு குறைவு.