எத்தனை வளைவு?

சென்னையிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம் என்று கேட்டால், மூவாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, விமானத்தில் நாலு மணி நேரம் என்று இன்றைக்கு யாரும் சொல்லிவிடுவார்கள். எண்பதுகளில் நான் அதைச் சொன்னபோது அம்மாவுக்குப் பிடிபடவில்லை. ஏற்காட்டு மலையில், எங்கள் கிளியூர்ப் பக்கம், தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்கிற வழக்கமே கிடையாது. சேலம் எவ்வளவு தூரம் என்றால், மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணி, இருபது வளைவு என்பார்கள்.

எனக்குச் சிங்கப்பூரில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. அப்பா இல்லை. எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்து என்னைப் படிக்க வைத்தவள் அம்மாதான். அவள் சரியென்று சொல்லாமல் நான் கிளம்புவதாக இல்லை. அவளோ வாயைத் திறப்பதாக இல்லை. ஒருநாள் காலையில் அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள்.

“நடுவுல எத்தனை வளைவு கண்ணு?”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “ஆகாசத்துல ஏதும்மா வளைவு? நேராப் போவும்.”

“ஒண்ணுகூட இல்லியா?”

“ஒண்ணுகூட இல்ல.”

“அப்பப் போயிட்டு வா சாமி.”

இதற்கா இத்தனை நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள் என்று கோபமே வந்தது. நான் எப்படிப் போய்ச் சேருவேனோ என்று பயந்திருக்கிறாள் என நினைத்து, எனக்குத்தான் பஸ்ஸில் தலைசுற்றல், வாந்தி எதுவும் வராதே என்றேன்.

“உனக்கில்ல கண்ணு. அங்க உனக்கு ஒண்ணுன்னா நானில்ல வந்து சேரோணும்? வளைவுதான் எனக்கு ஆவாதே.”

உண்மைதான். பஸ் ஏறினால் மூன்றாவது வளைவுக்குள் வாந்தி எடுத்துவிடுவாள். அடிவாரத்தில் கைத்தாங்கலாகத்தான் இறக்க வேண்டும். நல்லது கெட்டதுக்குக்கூடச் சேலம் போகமாட்டாள். அப்படிப்பட்டவள், மகள் கூப்பிட்டால் கடல் தாண்டி வர முடியுமா என்றுதான் அத்தனை நாளும் மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்திருக்கிறாள்.

சிங்கப்பூர் போய் வேலையில் சேர்ந்தேன். அங்கேயே எனக்குக் கல்யாணமும் ஆனது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவதுதான் முறை. டாக்டர் பயணமே கூடாது என்று சொல்லிவிட்டதால் அம்மாவை வரச் சொன்னேன். வருவாளா என்று உள்ளூரச் சந்தேகம்தான். வந்தாள். மலை இறங்கும்போது வழக்கம்போலத் துவண்டுபோனவளைப் பக்கத்து வீட்டுக்காரர் சென்னை வரை கூட்டிவந்து விமானம் ஏற்றிவிட்டார். சிங்கப்பூரில் என் கணவர் அழைத்து வந்தார்.

“ஏரோப்ளேன்ல ஏதாச்சும் பண்ணுச்சாம்மா?” என்று கேட்டேன்.

ஏதோ தப்புச் செய்துவிட்டவள்போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“ஒண்ணும் பண்ணல சாமி. நாலு மணி நேரமும் சும்மாவே உக்காந்துட்டு வந்தேன். சோத்தக்கூட உக்காந்த எடத்துக்கே கொண்டாந்து குடுத்தாங்க. நொம்பக் கூச்சமாப் போச்சு.”

விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை சரிவில் நின்று பழம் பறித்தவள் அவள். ஒருத்தர் பரிமாற, உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. பெற்றவளிடம் போய் நன்றி என்று யாரும் சொல்வதில்லை, நானும் சொல்லவில்லை. அவளை அவ்வளவு நேரம் உட்கார வைத்த அந்த விமானத்துக்குத்தான் மனசார நன்றி சொன்னேன்.

அம்மா அதற்குள் எழுந்து, அடுப்படி எந்தப் பக்கம் என்று என் கணவரைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.